நாடகத்தில் வராத காணிச் சட்டம்

1986 நத்தாருக்கு பிபிசி ஒளிபரப்பிய 'ஈஸ்ட்எண்டர்ஸ்' அத்தியாயத்தை, மறுஒளிபரப்பையும் சேர்த்து, 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அன்றைய பிரித்தானியச் சனத்தொகையில் அது பாதிக்கு மேல். அன்றைய கதையில் பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. மதுச்சாலை நடத்தும் ஒருவன் மனைவியிடம் விவாகரத்துக் கடிதத்தை நீட்டுகிறான், அவ்வளவுதான். இன்று அதே நாடகத்தை ஒளிபரப்பாகும் நேரத்தில் பார்ப்பவர்கள் 30 இலட்சத்தை எட்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. 'ஹோல்பி சிற்றி' 2022 மார்ச்சில் நின்றது. 24 வருடம் ஓடிய 'டொக்டர்ஸ்' 2024 நவம்பரில் நின்றது. அதே ஆண்டில் 'ஹொலியோக்ஸ்' கிழமைக்கு ஐந்து அத்தியாயங்களிலிருந்து மூன்றாகச் சுருங்கியது. 1960 டிசம்பர் 9இல் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீற்' நாடகத்தையும், 1972இல் தொடங்கிய 'எமர்டேல்' நாடகத்தையும் 2026 ஜனவரியிலிருந்து கிழமைக்கு ஐந்து அரைமணி நேரமாக ஐரிவி குறைத்தது.

இலண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களின் வீடுகளிலேயே ஓடுவது பெரும்பாலும் சென்னை நாடகம்தான். ஆகவே இதில் எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். என் கணக்கில் இது வன்னிக்கு உரிய எச்சரிக்கை. ஏன் என்று சொல்வதற்கு, தொலைக்காட்சியை விட்டு முதலில் வானொலிக்குப் போகவேண்டும்.

1951 ஜனவரி 1இல் பிபிசி வானொலி 'த ஆர்ச்சர்ஸ்' என்ற தொடரை நாடு முழுவதற்கும் ஒலிபரப்பத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறு வருடம்கூட ஆகவில்லை. உணவு இன்னும் பங்கீட்டில் இருந்த காலம். விளைச்சலைக் கூட்டவேண்டும், கமக்காரருக்குப் புதிய முறைகள் போய்ச் சேரவேண்டும். விரிவுரை வைத்தால் ஆர் கேட்பார்கள்? எனவே ஒரு கமக்காரக் குடும்பத்தைக் கதையாக்கி, விவசாய அமைச்சின் ஆலோசனையோடு, விதையையும் மாட்டு நோயையும் குடும்பச் சண்டைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அது இன்றும் ஓடுகிறது. 2016இல் அதே தொடரில், மனைவியைச் சொல்லாலும் காசாலும் கட்டிப்போட்டு வதைக்கும் கணவனின் கதை வந்தது. அத்தகைய வதையைக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்து அப்போது சில மாதங்களே ஆகியிருந்தன.

1994இல் பிபிசி இந்த முறையை ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோனது. 'புதிய வீடு, புதிய வாழ்வு' என்ற பொருள்படும் பெயரில் பஷ்டு, தாரி மொழிகளில் ஒரு வானொலித் தொடர். தடுப்பூசி, பயிர், குடும்பப் பகை எல்லாம் வந்த அந்தக் கதைக்குள் கண்ணிவெடியும் வந்தது.

முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் குழுக்கள் வெயிலில் குனிந்து வேலை செய்வதைக் கண்ட எவருக்கும் அந்தக் கதை எங்களுக்கும் உரியது என்பது விளங்கும். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கக் கொடுக்கப்பட்ட தவணை 2028 ஜூன்.

வன்னிக்கு வானொலியின் அருமை புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்ட சனம் இது. அந்த நிறுவனத்திடமிருந்து செய்தி வந்தது. கதைக்குள் வைத்துத் தகவல் சொல்லும் அதன் மற்றக் கெட்டித்தனம் எங்கள் பக்கம் வரவேயில்லை.

2009க்குப் பிறகு மீள்குடியேற்றம், மின்சாரம், டிஷ் அன்ரெனா. பின்னேரங்களை எடுத்துக்கொண்டது தமிழ்நாட்டு நாடகம். மாமியார் நஞ்சு வைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஒருவரும் நஞ்சு வைக்கப் போவதில்லை. சிக்கல், நம்பும்படியாக வரும் காட்சிகளில் இருக்கிறது: நீதிமன்றம், பொலிஸ் நிலையம், சொத்துப் பத்திரம். அவை எல்லாம் இன்னொரு நாட்டுடையவை.

நாடகத்தில் கணவனும் மனைவியும் மனமொத்துக் கையெழுத்துப் போட்டுப் பிரிகிறார்கள். அது இந்திய இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட வழி. இங்கே 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்று: சோரம், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த, தாம்பத்திய உறவுக்கான தீராத இயலாமை. இருவரும் சம்மதம் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

நாடகத்தில் மகள் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கேட்டு வழக்குப் போடுகிறாள். தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுவதற்கும் 2005இலும் சட்டம் அதற்கு வழிவிட்டது. வட மாகாணத் தமிழருக்கோ தேசவழமை இருக்கிறது. சீதனம் வாங்கிக்கொண்டு போன மகள், பெற்றோரின் மிச்சச் சொத்தில் பங்கு கேட்பது அதன்படி இலேசான காரியமில்லை. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவன் எங்கே என்றே தெரியாவிட்டால்? அதற்கும் வழி அதே சட்டத்தில் உண்டு. மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில், இதைவிட அவசரமான கதை வேறென்ன? காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதற்கே ஒரு சான்றிதழ் பெறலாம் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. எந்த நாடகத்தில் அது வந்தது?

வன்னிக் காணியின் சங்கதி இன்னும் சிக்கலானது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், விசுவமடு போன்ற குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகளில் பெரும்பகுதிக்கு உறுதி கிடையாது, பெர்மிற்தான். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. பெர்மிற்காரர் தனக்குப் பின் காணிக்கு உரியவராகும் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிந்திருக்கவேண்டும். பதியாமல் கண் மூடினால் சட்டத்தின் அட்டவணை முடிவு செய்யும். அந்த அட்டவணை 2022வரை மகளை விட மகனை முன்னுக்கு வைத்திருந்தது. 2022இல் அந்தப் பாகுபாடு எடுக்கப்பட்டது. 87 வருடம் நின்ற ஒரு விதி மாறிய செய்தி, ஒரு தமிழ்நாட்டு நாயகியின் இரண்டாவது கல்யாணம் அளவுக்குக்கூட வீடுகளுக்குள் வரவில்லை.

நுண்கடனும் அப்படித்தான். கிழமைக் கட்டுக்காசு கேட்டு வாசலில் நிற்பவரைப் பற்றிய கதை இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசு நிவாரணம் அறிவித்தது. எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதைப் பெண்கள் வாய்வழியாகவே அறிந்தார்கள்.

பிரித்தானியாவின் கணக்கு இங்கேதான் எச்சரிக்கையாகிறது. ஒரே நேரத்தில், ஒரே கதைக்காக, ஒரு வீடு முழுவதும் கூடியிருக்கும் வழக்கம் அங்கே ஒரு தலைமுறைக்குள் கரைந்துவிட்டது. முதலில் இளசுகள் போனார்கள். இங்கேயும் பிள்ளைகள் ஏற்கெனவே கைபேசிக்குப் போய்விட்டார்கள். நாடகத்தைப் பார்க்காதவர்களும் அதன் அரை நிமிடத் துண்டை முகநூலில் பார்த்துச் சிரிக்கிறார்கள். பின்னுரித்தாளர் நியமனத்தை அரை நிமிடத்தில் சொல்லலாம், மனதில் பதியவைக்க முடியாது. ஒரு தகப்பன் பதியாமல் செத்து, அண்ணன் தங்கைக்கு எதிராகக் கச்சேரி ஏறி, மாதக்கணக்கில் இழுபட்டால்தான் அது பதியும். அதற்கு நீண்ட கதை வேண்டும், அதைக் கேட்கக் காத்திருக்கும் ஆட்களும் வேண்டும். அம்மாக்களும் அம்மம்மாக்களும் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இதற்கு ஆட்கள் இல்லை என்பது சாட்டு. சானா இலங்கை வானொலியில் 'லண்டன் கந்தையா'வை நடமாடவிட்டார். சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வீடுவீடாகக் கேட்கப்பட்டது. தென்னிலங்கைக் கிராமங்களுக்கு 'முவன்பெலஸ்ஸ' பல வருடங்கள் வானொலியில் ஓடியது. காசும் பெரிய சாட்டு இல்லை: வானொலித் தொடருக்கு நல்ல எழுத்தும் நாலைந்து குரல்களும் ஒரு மைக்கும் போதும். ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கின் பதாகைக்கும் சிற்றுண்டிக்கும் படமெடுப்புக்கும் போகும் செலவில் சில அத்தியாயங்களை ஒலிப்பதிவு செய்துவிடலாம். அரச வானொலியின் தமிழ்ச் சேவையும், மாகாணக் கல்வி, பண்பாட்டு அமைச்சும், துண்டுப்பிரசுரம் அடிக்கும் தொண்டு நிறுவனங்களும் இதை இன்னும் பத்து வருடம் கழித்து யோசித்தால், கேட்க வீட்டில் ஆள் இருக்காது.

அதுவரை வாசகருக்கு ஒன்று. உங்கள் வீட்டுப் பெர்மிற்றை எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள். பிரிவு, சீதனம், காணாமற்போனவரின் சொத்து என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். நாடகத்தில் பார்த்ததை வைத்து எந்தக் கடுதாசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.