வரிசை எண் அடையாளம் ஆகாது

மதுரை கே.கே. நகரை ஒட்டியிருக்கிறது மாட்டுத்தாவணி பேருந்து நிலையம். அங்கே புறப்படக் காத்திருக்கும் வண்டிகளைக் காட்ட, ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு ஓர் இணையப் பக்கம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திருச்சி, திருநெல்வேலி, ராமேஸ்வரம் என்று மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பு எழுத ஒரு பெட்டி. திருநெல்வேலி வண்டிக்கு எதிரே ‘டயர் பார்க்கணும்’ என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார். திருச்சி வண்டி கிளம்பிப் பட்டியலைவிட்டு நீங்குகிறது. உடனே அந்தக் குறிப்பு ராமேஸ்வரம் வண்டிக்கு எதிரே போய் நிற்கிறது!

இது எப்படி நடக்கிறது? ஃபேஸ்புக்கில் ஜோர்டான் வால்க் உருவாக்கிய, 2013இல் பொதுவெளிக்கு வந்த ரியாக்ட், தகவல் மாறும்போதெல்லாம் திரையின் புதிய வடிவத்தை நினைவகத்தில் எழுதிப் பழையதோடு ஒப்பிடும். மாறிய இடத்தை மட்டும் திருத்தும். திரை வடிவங்களைப் போன்ற இரண்டு கிளை அமைப்புகளை முழுமையாக ஒப்பிடும் பொதுவான முறைகளில், 1,000 உறுப்புகளுக்கு 100 கோடி ஒப்பீடுகள் வரை ஆகும். அதனால் ரியாக்ட் குறுக்குவழியில் போகிறது: பட்டியலில் எந்த வரி எது என்பதை நிரல் எழுதுபவரே ‘கீ’ கொடுத்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இடத்தை வைத்தே அடையாளம் காணும். முதல் வரியில் ‘திருச்சி’யை அழித்துத் ‘திருநெல்வேலி’ என்று எழுதும், இரண்டாவதில் ‘ராமேஸ்வரம்’, மூன்றாவதை நீக்கிவிடும். பெட்டியில் தட்டச்சு செய்த எழுத்தோ பிரவுசரிடம் இருக்கிறது. அது இரண்டாவது வரியிலேயே தங்கிவிடுகிறது.

கீ இல்லையென்றால் ரியாக்ட் எச்சரிக்கும். வரிசை எண்ணையே கீயாகக் கொடுத்து அந்த எச்சரிக்கையை அடக்கிவிடுவது பரவலான பழக்கம். அது மோசமான தீர்வு என்பேன். பிழை அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த எச்சரிக்கை மட்டும் போய்விடுகிறது. வரிசை மாறாத, எதுவும் சேராத, நீங்காத பட்டியலுக்கு மட்டுமே வரிசை எண் பொருந்தும். திரையை வரையும் ஒவ்வொரு முறையும் புது எண்ணை உருவாக்கிக் கொடுப்பதும் உதவாது. எல்லா வரிகளும் கலைந்து புதிதாக எழும். தட்டச்சு செய்தது மறைந்துபோகும்.

வண்டியின் பதிவு எண்ணைக் கீயாகக் கொடுங்கள். ஒரே வண்டி இரண்டு நடைகளுக்காகப் பட்டியலில் இருமுறை வருமானால் புறப்படும் நேரத்தையும் அதோடு சேர்க்க வேண்டும். கீ அந்தப் பட்டியலுக்குள் தனித்திருந்தால் போதும். பக்கம் முழுவதற்கும் தனித்திருக்கத் தேவையில்லை. ரியாக்ட்டைப் போன்ற வியூவிலும் இதே கீ உண்டு. அதே வகையைச் சேர்ந்த ஆங்குலரின், 2023இல் வந்த 17ஆம் பதிப்பு, தன் புதிய பட்டியல் எழுத்துமுறையில் இதைக் கட்டாயமாக்கியது.

சொந்த எண் இல்லாத புதுவரி ஒன்றைச் சேர்க்கும்போது, சேர்க்கும் அந்தக் கணத்திலேயே ஓர் அடையாள எண்ணை உருவாக்கித் தகவலோடு சேமித்துவிடுங்கள். திரையில் வரையும் கட்டத்துக்கு அந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.