சொப்பு விளையாட்டு

சொப்பு விளையாட்டு என்பது சமையற் பாத்திரங்களின் சிறிய வடிவங்களைக் கொண்டு குழந்தைகள் ஆடும் பாவனை விளையாட்டு ஆகும். பெரும்பாலும் இரண்டு வயது முதல் ஆறு, ஏழு வயது வரையுள்ள குழந்தைகள் இதனை வீட்டுக்குள் ஆடுகின்றனர். வெற்றி தோல்வியோ, புள்ளிகளோ, ஆட்டக்காரர் எண்ணிக்கையோ இதற்கு இல்லை. திண்ணை, கூடத்தின் ஒரு மூலை, கட்டிலின் அடிப்பகுதி என எந்த இடமும் ஆடுகளமாகலாம். மழைக்காலத்திலும், வெளியே ஆட இடமில்லாத அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஆடத்தக்கது என்பது இதன் சிறப்பு.

பெயர்

செப்பு என்னும் சொல் செம்பு உலோகத்தையும், சிமிழ் போன்ற சிறு கலத்தையும் குறிக்கும். சொப்பு என்பது இச்சொல்லின் பேச்சு வழக்குத் திரிபாகக் கருதப்படுகிறது. விளையாட்டுப் பாத்திரங்களின் தொகுதி சொப்புச் சாமான் எனப்படுகிறது. தாய், தந்தை, பிள்ளை என வேடம் ஏற்று ஆடும்போது இதனை அப்பா அம்மா விளையாட்டு என்றும் கூறுவர்.

இலக்கியத்தில்

சிறுமியர் மணலால் சிறு வீடு கட்டி, அதில் சோறு சமைப்பதாகப் பாவனை செய்து ஆடியமை பழந்தமிழ் இலக்கியங்களில் கூறப்படுகிறது. அவ்வீடு சிற்றில் எனவும், அச்சோறு சிறுசோறு எனவும் பெயர் பெறும். தலைவி கட்டிய சிற்றிலைத் தலைவன் சிறுவனாக இருந்தபோது காலால் சிதைத்த செய்தி கலித்தொகையில் வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில் பருவமும் ஒன்று. தங்கள் சிற்றிலை அழிக்க வேண்டாம் எனப் பாட்டுடைத் தலைவனைச் சிறுமியர் வேண்டுவதாக அது அமையும். பெண் கட்டுவதும் ஆண் சிதைப்பதும் என்ற இப்பங்கீடு இலக்கிய மரபாகவே நிலைத்துவிட்டது.

பொருட்கள்

மரம், களிமண், மாக்கல், பித்தளை, பனையோலை ஆகியவற்றால் சொப்புகள் செய்யப்பட்டு வந்துள்ளன. திருநெல்வேலி மாவட்டத்தின் அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர். இவை கடைசல் பொறியில் செய்யப்படுகின்றன. சுழலும் மரத்துண்டை உளியால் செதுக்கி வடிவம் கொடுத்தபின், நிறமூட்டிய அரக்குக் குச்சியை அதன்மீது அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. தூரிகையோ தனியான சூடேற்றலோ தேவைப்படுவதில்லை. கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும், ஆந்திரப் பிரதேசத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் இதே முறையில் மரப் பொம்மைகள் செய்யப்படுகின்றன.

மரபான தொகுதியில் அடுப்பு, பானை, குடம், அம்மி, குழவி, உரல், உலக்கை, ஆட்டுக்கல், திருகை, முறம், இட்லிக் கொப்பரை, தோசைக்கல், கரண்டி ஆகியவை இருக்கும். இவற்றுட் பல இன்றைய சமையலறைகளில் இல்லை. திருகையைச் சொப்பாக மட்டுமே கண்ட குழந்தைகள் இப்போது மிகுதி. நெகிழித் தொகுதிகளிலோ எரிவாயு அடுப்பும் குக்கரும் மிக்சியும் இடம்பெறுகின்றன. அந்தந்தக் காலத்துச் சமையலறையின் பதிவாகச் சொப்பு விளங்குகிறது எனலாம். நவராத்திரிக் கொலுவிலும் மரப்பாச்சிப் பொம்மைகளுடன் சொப்புகளை வைப்பதுண்டு.

கடையில் வாங்கிய தொகுதி இருந்தால்தான் இவ்விளையாட்டை ஆட முடியும் என்பதில்லை. பழைய கிண்ணம், மரக் கரண்டி, மூடி, தேங்காய்ச் சிரட்டை, அட்டைப்பெட்டி ஆகியவை போதும். அடுப்பு போலவே தோன்றும் பொம்மையைக் குழந்தை பெரும்பாலும் அடுப்பாகவே பயன்படுத்தும். அட்டைப்பெட்டியோ காலையில் அடுப்பாகவும் மாலையில் பேருந்தாகவும் மாறும்.

ஆடும் முறை

விதிகள் முன்கூட்டி எழுதப்பட்டவை அல்ல. ஒரு குழந்தை தனியாக ஆடலாம். உடன்பிறந்தாரும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கொள்ளலாம். கிழித்த காகிதம் கீரையாகும், பொத்தான் வடையாகும், வெறுங்குவளையிலிருந்து காப்பி ஊற்றப்படும். வயதுக்கு ஏற்ப ஆட்டம் மாறுகிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் குழந்தை வெறுங்குவளையைத் தன் வாயிலேயே வைத்துக் குடிப்பது போல நடிக்கும். இரண்டு வயதளவில் பொம்மைக்கு ஊட்டத் தொடங்கும். மூன்று வயதுக்குப் பின் வேடங்கள் தோன்றுகின்றன. நான்கு, ஐந்து வயதில் விருந்து, கடை, திருமணம் எனக் கதை நீளும்; யார் எந்த வேடம் ஏற்பது என்ற பேச்சே சில நேரங்களில் ஆட்டத்தை விட நீண்டுவிடும்.

ஒரே இடத்தில் அமர்ந்தும் ஒன்றாக ஆடாமல், அருகருகே தனித்தனியாக ஆடுவது சிறு குழந்தைகளிடம் இயல்பாகக் காணப்படுவது. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932 இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை இணை விளையாட்டு என வகைப்படுத்தினார். இரண்டு வயதுக் குழந்தை மற்றவருடன் சேர்ந்து சமைக்கவில்லை என்பது குறைபாடு அன்று.

பெரியவர்கள் விருந்தாளியாக அழைக்கப்படும்போது கொடுத்ததை உண்பது போல நடித்தால் போதுமானது. "இது என்ன நிறம்? எத்தனை தட்டு இருக்கிறது?" எனக் கேட்கத் தொடங்கினால் விளையாட்டு பாடமாகிவிடும். பெரும்பாலான குழந்தைகள் அத்துடன் எழுந்து சென்றுவிடுவர்.

உளவியல் நோக்கு

சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே பாவனை விளையாட்டைக் குறியீட்டுச் சிந்தனையின் வெளிப்பாடாகக் கண்டார். கண்முன் இல்லாத ஒன்றை வேறொரு பொருளால் குறிக்க இயலுவது மொழிக்கும் அடிப்படையானது. உருசிய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933 இல் ஆற்றிய உரையில், கட்டற்றதாகத் தோன்றும் பாவனை விளையாட்டிலும் விதி மறைந்துள்ளது என்றார். அக்காளும் தங்கையுமான இரு சிறுமியர், அக்காள் தங்கை விளையாட்டு ஆடுவதை அவர் எடுத்துக்காட்டினார். வாழ்க்கையில் கவனிக்காமல் நடந்துகொள்வதை, ஆட்டத்தில் அவர்கள் விதியாக உணர்ந்து செய்கின்றனர். சொப்பு விளையாட்டில் தாயாக நடிக்கும் குழந்தை, எல்லோருக்கும் பரிமாறிய பின்னரே தான் உண்பதும் இத்தகையதே.

பாவனை விளையாட்டு அறிவுத்திறனை வளர்க்கும் என்பது பொம்மை விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் கூற்று. ஆனால் அதற்கான சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலின் லில்லார்டும் பிறரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, பாவனை விளையாட்டே வளர்ச்சிக்கு இன்றியமையாத காரணம் எனக் கூறப் போதிய சான்று இல்லை எனக் கண்டது. எனவே விலையுயர்ந்த தொகுதியை வாங்காததால் குழந்தை எதையோ இழந்துவிடும் எனப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. குழந்தைகள் விரும்பி ஆடுகின்றனர் என்பதே இடம் ஒதுக்கிக் கொடுக்கப் போதிய காரணம்.

பொய்ச் சமையலும் மெய்ச் சமையலும்

லில்லார்டு குழுவினர் 2018 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளிடம் ஒரு செயலை மெய்யாகச் செய்ய விருப்பமா, பாவனையாகச் செய்ய விருப்பமா எனக் கேட்கப்பட்டது. பெரும்பாலும் அவர்கள் மெய்ச் செயலையே தேர்ந்தெடுத்தனர். 1907 இல் உரோம் நகரில் முதற் பள்ளியைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியும், நீர் ஊற்றுதல், துடைத்தல் போன்ற வீட்டுச் செயல்களையே மழலையர் பயிற்சியாக அமைத்தார். அவர் 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர்.

தமிழ் வீடுகளில் இவ்விரண்டும் தனித்தனியாக இருந்ததில்லை. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையைக் குழந்தைக்குக் கொடுப்பது பரவலான வழக்கம். அது கையில் அழுக்காகும் வரை விளையாட்டு. கல்லில் போட்டு எடுத்தால் உணவு. பட்டாணி உரித்தல், கறிவேப்பிலை உருவுதல், கீரை ஆய்தல், தட்டு எடுத்து வைத்தல் ஆகியவையும் மூன்று, நான்கு வயதில் மேற்பார்வையுடன் செய்யத்தக்கவை. வேலை தாமதமாகும் என்பது உண்மையே.

ஆண் குழந்தைகள்

ஆண் குழந்தைகளும் தடுக்கப்படாத இடங்களில் சொப்பு விளையாட்டில் ஆர்வம் காட்டுகின்றனர். இது பெண்பிள்ளைகளின் விளையாட்டு எனக் கூறிச் சிறுவரை விலக்குவது பெரியவர்களின் வழக்கமே தவிர, விளையாட்டின் இயல்பில் இருப்பதன்று. உணவகங்களிலும் திருமணக் கூடங்களிலும் ஆண்களே பெருமளவில் சமைக்கும் நாட்டில் இவ்விலக்கு வியப்புக்குரியது.

பாதுகாப்பு

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் பொருட்களை வாயில் இடுவர். ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் சிறு பொருட்கள் மூச்சடைப்பை ஏற்படுத்தக் கூடியவை எனக் கருதப்படுகின்றன. மரச் சொப்புகளின் மிகச் சிறிய கரண்டிகளும் மூடிகளும் இவ்வகையில் அடங்கும். பொத்தான், புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டாணி ஆகியவையும் அவ்வாறே. கொட்டைகளையும் பருப்புகளையும் மூக்கிலும் காதிலும் இட்டுக்கொள்ளும் குழந்தைகள் மருத்துவரிடம் கொண்டு வரப்படுவதுண்டு. மின்பொம்மைகளில் உள்ள பொத்தான் மின்கலம் விழுங்கப்பட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். உடனடி மருத்துவ உதவி தேவை.

இந்தியாவில் 2021 சனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருட்களுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. நிறம் உரியும் பழைய சொப்புகளில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைக் கொலுப்படியில் வைப்பதே நன்று. நீர் வைத்து ஆடும்போது வாளிக்குப் பதிலாக அகன்ற தட்டைப் பயன்படுத்தலாம். சில அங்குல நீரிலும் சிறு குழந்தைகள் மூழ்கக்கூடும். ஆட்டம் முடிந்ததும் நீரைக் கொட்டிவிட வேண்டும்.