சொற்களால் ஆன விளையாட்டு

நம் மாணவர்கள் இன்று கைப்பேசியில் முகம் தெரியாத பலரோடு சேர்ந்து விளையாடுகிறார்கள். இத்தகைய விளையாட்டுகளின் தொடக்க காலத்தில் வந்த சிலவற்றில் படமும் இல்லை, ஒலியும் இல்லை. எழுத்து மட்டுமே இருந்தது. மொழி கற்பிக்கும் நமக்கு இந்த வரலாறு பயன்படும்.

1970களின் நடுவில் அமெரிக்கக் கணினி நிரலாளர் வில் குரோதர், தாம் ஆராய்ந்த மாமத் குகையைத் தம் மகள்களுக்காகச் சொற்களாலேயே ஒரு விளையாட்டாக அமைத்தார். இடத்தின் வருணனை திரையில் தோன்றும். ஆடுபவர் திசையையோ செயலையோ தட்டச்சு செய்தால் அடுத்த காட்சி வரும். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். ஆனால், அதில் ஒருவர் தனியாகத்தான் ஆட முடியும்.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா, பலர் ஒரே நேரத்தில் உலவக்கூடிய 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் 1980இல் பொறுப்பேற்று அதை வளர்த்தார். ஒருவர் தட்டச்சு செய்யும் பேச்சு, அதே அறையில் இருக்கும் மற்றவர் திரையில் தெரியும். ஒருவர் எடுத்த பொருள் மற்றவருக்குக் கிடைக்காது. எனவே பேச வேண்டும், கேட்க வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும். பிறப்பையும் பின்னணியையும் பார்த்து ஆளை மதிப்பிடாத ஓர் உலகை விரும்பியே அதை உருவாக்கியதாகப் பார்ட்டில் பின்னாளில் கூறியுள்ளார்.

இதன் அமைப்பு எளிது: இடம், வழிகள், பொருள்கள். கணினி இல்லாமலே அட்டைகளைக் கொண்டு வகுப்பில் செய்யலாம். தஞ்சைப் பகுதிப் பள்ளிகளுக்குக் கல்லணையே பொருத்தமான முதல் அட்டை. அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என வழிகள் பிரிகின்றன. காவிரி வழியில் திருவையாறு, கும்பகோணம். வெண்ணாற்று வழியில் நீடாமங்கலம். கால்வாய் வழியில் தஞ்சாவூர், ஒரத்தநாடு. ஒவ்வொரு குழுவும் ஓர் இடத்தை ஐந்து வரிகளில் எழுதட்டும். கடைமடை வயலுக்கும் ஓர் அட்டை வேண்டும்.

விதி ஒன்றே: அட்டையில் எழுதாதது அங்கே இல்லை. 'வயல் இருக்கிறது' என்று மட்டும் எழுதினால், "நாற்றா, கதிரா? தண்ணீர் நிற்கிறதா?" என்று ஆடும் குழு கேட்கும். எழுதியவர் தாமாகவே திருத்தி எழுதுவார். கட்டுரை நோட்டில் இரண்டு வரியோடு நிறுத்திவிடும் மாணவருக்கும் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது; அதைப் படிக்க நண்பர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் கணினியின் இடத்தில் இருந்து பதில் சொல்லலாம். கட்டளைகள் 'ஷட்டரைத் திற', 'சாவியை எடு' என்று வேற்றுமை உருபோடும் ஏவல் வினையோடும் வரவேண்டும். இலக்கணப் பயிற்சி இங்கேயே நடந்துவிடுகிறது.

ஷட்டர் சாவி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமடைக் குழு அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் கடைமடை காயும். முறை வைத்துத் தண்ணீர் விடுவது ஏன் என்பதைப் பிள்ளைகள் தாங்களே பேசி முடிவு செய்வார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு பாடவேளையை முழுமையாக ஒதுக்குங்கள்.