கேளாமற் செய்யும் உதவி

புற்றுநோய் என்றதும் நம்மவர் நோயாளியிடமே அதை மறைப்பர். அன்றேல் ஆறுதல் மொழிகளை அள்ளிச் சொரிவர். ஓராண்டாக என் தமக்கையார்க்குத் துணையிருந்துவரும் எனக்கு, இவ்விரண்டினும் வேறான துணையே வேண்டுமெனத் தோன்றுகின்றது.

இலண்டனில் 1967இல் சென்ற் கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வலி உடலோடு நில்லாது உள்ளம், குடும்பம், ஆன்மா யாவற்றையும் தழுவுவது என உணர்த்தினார். ஆதலின் உதவியும் பலவாறு அமைதல் வேண்டும்.

வைத்தியர் கூறுவதைக் குறித்துக்கொள்ளுதல் ஓர் உதவி. மருந்தேற்றியபின் வாய் புண்ணாகலாம். உறைப்பில்லாத குழைசோறு அப்போது உதவும். அம்மருந்து வெண்குருதிக் கலங்களைக் குறைப்பதால், உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், விடியட்டும் எனக் காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

"ஏதும் வேண்டுமாயின் சொல்லுங்கள்" என்பார் பலர். சோர்ந்தவர் எதைக் கேட்பார்? அயலவர் ஒருவர் கேளாமலே பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றார். அன்று தமக்கையார் நிம்மதியாக உறங்கினார்.

நோயுற்றவர் என்பதால் மூத்தவர் என்னும் உரிமையைப் பறித்தலாகாது. வீட்டுக் காரியங்களில் இன்றும் அவரிடமே கருத்துக் கேட்கின்றேன். "இதுகூடத் தெரியாதா, தம்பி?" என்று கடிந்துகொண்டே வழி கூறுகின்றார். அக்குரலில் என் பழைய அக்காவைக் காண்கின்றேன்.