பின்சர் மலைப்பாதையில் தீயும் இடியும்

கோடையில் தில்லி வெயிலுக்கு அஞ்சிக் குமாவோன் மலைகளை நாடும் நம்மவர் பலர். அல்மோராவில் தங்கிக் கோயில்களைத் தரிசிப்பதோடு அமையாமல், காசர்தேவியிலிருந்து பின்சர் வரை கால்நடையாகவே செல்வது என்று சென்ற மே மாதத்தில் நாங்கள் எண்மர் துணிந்தோம்.

விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டபோதே காற்றில் கரிநாற்றம். நந்தாதேவியும் திரிசூலமும் தோன்றவேண்டிய வடதிசையில் பழுப்புத் திரையொன்று தொங்கிற்று.

பாதையோரம் நெடுகிலும் சீர் பைன் மரங்கள். அவற்றின் ஊசியிலையைக் குமாவோனியர் பிருல் என்பர். பிசின் செறிந்த இவ்விலை உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும். அணைக்காத பீடித்துண்டு ஒன்று போதும், காடு பற்றிக்கொள்ள. எரியும் காய்கள் சரிவில் உருண்டு கீழ்க்காட்டிற்கும் தீயைக் கொண்டு செல்லும். பாஞ்ச் எனும் ஓக் மரக்காடோ ஈரம் காப்பது. அதைப் பேணவே 1988-ல் பின்சர் சரணாலயம் அமைந்தது. அங்கும் 2024 ஜூனில் தீயணைக்கச் சென்ற வனத்துறை ஊழியர் நால்வர் அன்றே மாண்டனர்.

முற்பகல் 11 மணியளவில், இடப்புறப் பள்ளத்தினின்று புகை எழுந்தது. விரைந்து மேலேறி முகட்டை அடையலாம் என்றனர் எங்களுள் இளையோர். பச்சைக் கிளைகளால் தீயை அடித்துக்கொண்டிருந்த கிராமத்து மூதாட்டியார், "மேலே போகாதீர்கள், பேட்டா! தீ உங்களைவிட வேகமாக ஏறும்" என்று இந்தியில் கூவினார். உண்மைதான். கீழே எரியும் தீயின் வெப்பம் மேற்சரிவிலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுகிறது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் தீயினிடையே சிக்கி நம் மக்கள் 20 பேருக்கு மேல் மாண்டதை யார் மறப்பர்? மூதாட்டியார் காட்டியபடி, முன்னரே எரிந்து கரிந்த சரிவிற்குள் புகுந்தோம். எரிந்த நிலத்தில் தீக்கு உணவில்லை. ஈரத்துணியால் மூக்கை மூடியவாறே கட்டிவந்த புளியோதரையை உண்டோம். சாம்பலும் சற்றுக் கலந்தது.

பிற்பகலில் மேற்கே கருமேகம் திரண்டது. மழை வருகிறதென்று மகிழ்ந்தவர்களை அடக்கினார் எங்களில் மூத்தவரான மாமா. மழைக்கு முன் வருவது காற்றல்லவா? அவ்வாறே சூறைக்காற்று வீசி, அடங்கிய தீயை மீண்டும் ஊதி எழுப்பியது. கரிந்த மரங்கள் முறிந்து விழத் தொடங்கின. அவற்றை விட்டு விலகி, முகட்டிற்கும் செல்லாமல், தாழ்வான சாலை வளைவில் தனித்தனியே குந்தினோம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினோம்: 9 விநாடி, 6, பின்னர் 3. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி. குழந்தைகள் அழவில்லை, பெரியவர்கள்தாம் உரக்க ஜபித்தனர்.

பிறகு ஆலங்கட்டியும் மழையும் கொட்டின. எதிர்ச்சரிவு முழுதும் சீறி வெண்புகை கக்கியது.

பின்சரின் உச்சியைக் காணாமலே திரும்பினோம். வழியில் அம்மூதாட்டியாரும் ஊர்ப் பெண்டிரும் நனைந்த பிருலை இன்னும் வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தனர். மழைதான் பெய்துவிட்டதே என்றோம். அவர் கையிலிருந்த கழியால் விழுந்த மரமொன்றின் அடியைப் புரட்டினார். உள்ளே செங்கனல் இருந்தது.