உணவுப் பட்டியல் சொல்லும் வரலாறு

உணவகத்தில் வாடிக்கையாளர் அமர்ந்தவுடன் அவரது கைக்கு வருவது உணவுப் பட்டியல். என்ன உண்ணலாம், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை அவர் அறிந்துகொண்டதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. விலை மாறினாலோ புதிய உணவு சேர்ந்தாலோ பழைய பட்டியல் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். நூறு ஆண்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் எவரும் உணவுப் பட்டியலை அச்சிடுவதில்லை.

ஆயினும், உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் பயன்பட்ட பழைய உணவுப் பட்டியல்களைத் தேடிச் சேகரிப்போர் உலகின் பல நாடுகளில் இருக்கின்றனர். அஞ்சல்தலை, நாணயம் ஆகியவற்றைச் சேகரிப்பதைப் போலவே இதுவும் ஒரு பொழுதுபோக்குதான். ஆனால், இதன் பயன் சேகரிப்பவரின் மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. அரசாங்கப் பதிவேடுகளில் இல்லாத செய்தியைக்கூடச் சில வேளைகளில் இத்தாள்கள் தந்திருக்கின்றன.

இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர் பிராங்க் இ. பட்டால்ஃப். பெயர் ஆணின் பெயர்போல ஒலித்தாலும் அவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. 1900ஆம் ஆண்டு வாக்கில், தாம் சேர்த்து வைத்திருந்த உணவுப் பட்டியல்களை நியூயார்க் பொது நூலகத்திற்கு அளிக்க அவர் முன்வந்தார். அத்துடன், நூலகத்தின் சார்பில் தொடர்ந்து சேகரிக்கவும் விரும்பினார். நூலக இயக்குநர் அதற்கு இணங்கினார். அன்றுமுதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் பட்டால்ஃப் இப்பணியில் ஈடுபட்டார். தமக்குத் தெரிந்த உணவகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதிப் பட்டியல் கேட்டார். மறுமொழி வராவிட்டால் நேரில் சென்று கேட்டார். உணவகத் தொழில் சார்ந்த இதழ்களில் விளம்பரமும் செய்தார். அவரது முயற்சியைப் பற்றி நாளேட்டில் படித்தவர்கள் பல நாடுகளிலிருந்து பட்டியல்களை அனுப்பி வைத்தனர். 1924ஆம் ஆண்டிற்குள் 25,000க்கும் மேற்பட்ட பட்டியல்கள் சேர்ந்திருந்தன. அவருக்கு உணவின்மீது பெரிய நாட்டம் இருந்ததில்லை. அத்தாள்களின் வரலாற்று மதிப்பே தமக்கு முக்கியம் என்று அவர் கூறியதாக அக்கால நாளேடு ஒன்று குறிப்பிட்டது.

ஓர் உணவுப் பட்டியலில் அப்படி என்ன வரலாறு இருக்க முடியும்? முதலாவதாக, விலை. ஒரே நகரத்தின் பட்டியல்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால், ஒரு குவளைக் காப்பியின் விலை எப்போது உயர்ந்தது என்பது தெரிந்துவிடும். இரண்டாவதாக, மொழி. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த உயர்தர விடுதிகள் பல, தங்கள் பட்டியலைப் பிரெஞ்சு மொழியில் அச்சிட்டன. வாடிக்கையாளர்கள் ஆங்கிலேயர்களாகவோ அமெரிக்கர்களாகவோ இருந்தபோதும், பிரெஞ்சு மொழிப் பெயரே உயர்வின் அடையாளமாகக் கருதப்பட்டது. மூன்றாவதாக, நாட்டின் நிலை. முதல் உலகப் போரின்போது, 1917, 1918ஆம் ஆண்டுகளில், அமெரிக்க உணவகங்கள் 'இறைச்சியில்லா நாள்', 'கோதுமையில்லா நாள்' ஆகியவற்றைக் கடைப்பிடித்தன. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1942ஆம் ஆண்டில், உணவகத்தில் ஒரு வேளை உணவுக்குப் பொதுவாக ஐந்து ஷில்லிங்கிற்குமேல் வாங்கக்கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. இத்தகைய மாற்றங்கள் மக்களின் தட்டை எவ்வாறு எட்டின என்பதை அக்காலப் பட்டியல்கள் காட்டுகின்றன.

சில பட்டியல்கள் ஒரு தனி நாளின் நினைவைச் சுமந்து நிற்கின்றன. டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதிய 1912 ஏப்ரல் 14ஆம் நாளன்று, முதல் வகுப்புப் பயணிகளுக்கு வழங்கப்பட்ட மதிய உணவின் பட்டியல் ஒன்று, உயிர்காப்புப் படகில் தப்பிய பயணியிடம் எஞ்சியிருந்தது. 2015ஆம் ஆண்டில் அது 88,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. பட்டியல்களைச் சேகரிக்கும் பெரும்பாலோருக்கு இத்தகைய அரிய பொருள் கிடைப்பதில்லை. அவர்களிடம் இருப்பவை சாதாரண உணவகங்களின் சாதாரணத் தாள்களே. ஆனால், அத்தகைய தாள்கள் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதற்கு ஹவாய்த் தீவுகள் சான்றாக விளங்குகின்றன.

ஹவாயைச் சுற்றியுள்ள கடலில் மீன்வளம் எப்படி மாறிவந்துள்ளது என்பதை அறிய ஆய்வாளர்கள் சிலர் விரும்பினர். இன்றைய மீன்களைக் காப்பதற்கு முன்பு எவ்வளவு இருந்தன என்பது தெரிய வேண்டும். ஆனால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு அதிகாரத்துவ மீன்பிடிப் பதிவுகள் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப அவர்கள் பழைய உணவுப் பட்டியல்களை நாடினர். ஹவாய்க்குச் சுற்றுலா வந்தோர், அழகிய ஓவியங்களுடன் அச்சிடப்பட்ட பட்டியல்களை நினைவுப்பொருளாக வீட்டிற்கு எடுத்துச் சென்றிருந்தனர். அவற்றுள் பலவற்றில் தேதியும் இருந்தது. 1928 முதல் 1974 வரை 154 உணவகங்களில் பயன்படுத்தப்பட்ட 376 பட்டியல்களை ஆய்வாளர்கள் திரட்டினர். அவற்றுள் பெரும்பாலானவை தனியார் சேகரிப்புகளிலிருந்து கிடைத்தவை.

அந்தப் பட்டியல்கள் ஒரு தெளிவான மாற்றத்தைக் காட்டின. 1940ஆம் ஆண்டிற்கு முன், பவளப்பாறை மீன்கள், பாரை மீன்கள் போன்ற கரையோர மீன்கள் பட்டியல்களில் சாதாரணமாக இடம்பெற்றிருந்தன. ஹவாய் 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாநிலமானது. அதற்குப் பிந்திய பட்டியல்களில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவற்றிலேயே அம்மீன்களின் பெயர்கள் காணப்பட்டன. அவற்றின் இடத்தைச் சூரை, வாள்மீன் போன்ற, கரையைவிட்டு வெகுதொலைவில் வாழும் பெரிய மீன்கள் பிடித்துக்கொண்டன. 1970ஆம் ஆண்டிற்குள் 95 விழுக்காட்டுப் பட்டியல்களில் அவை இடம்பெற்றன. மக்களின் விருப்பம் மாறியதும் காரணமாக இருக்கலாம் அல்லவா? ஆகவே, ஆய்வாளர்கள் பட்டியல்களை மட்டும் நம்பாமல், கிடைத்த சந்தைக் குறிப்புகளோடும் மீன்பிடிப் புள்ளிவிவரங்களோடும் அவற்றை ஒப்பிட்டனர். கரையோர மீன்வளம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையே சான்றுகள் உணர்த்தின. இந்த ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அலமாரியில் கிடந்த நினைவுப்பொருள்கள், கடலுக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லும் சாட்சிகளாயின.

சேகரித்த பட்டியல்கள் பிறருக்கும் பயன்பட வேண்டுமானால், அவற்றைத் தேடிப் படிக்க வழி இருக்க வேண்டும். இதற்காக நியூயார்க் பொது நூலகம் 2011ஆம் ஆண்டில் ஓர் இணையத் திட்டத்தைத் தொடங்கியது. அலங்கார எழுத்துகளையும் கையெழுத்தையும் கணினியால் பிழையின்றிப் படிக்க இயலவில்லை. எனவே, பட்டியல்களின் படங்களைப் பார்த்து உணவின் பெயரையும் விலையையும் தட்டச்சு செய்யுமாறு பொதுமக்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. தன்னார்வலர்களின் உழைப்பால் 17,000க்கும் மேற்பட்ட பட்டியல்கள் இவ்வாறு எழுத்துவடிவம் பெற்றன. பட்டால்ஃப் தனியொருவராகத் தொடங்கிய பணி, ஊர் கூடி இழுக்கும் தேராக மாறியது.

உணவுப் பட்டியல்களைச் சேகரிக்க விரும்பும் மாணவர் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டும். கடைக்காரரின் அனுமதி இல்லாமல் பட்டியலை எடுத்து வரக்கூடாது. பழைய பட்டியலைக் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு தருவர். கிடைத்தவுடன் கடையின் பெயர், இடம், தேதி ஆகியவற்றைப் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் குறித்துவைப்பது நல்லது. தேதி இல்லாத பட்டியலின் ஆய்வு மதிப்பு குறைந்துவிடும். எனினும், வேறு தடயங்களைக் கொண்டு அதன் காலத்தை ஓரளவு கணிக்கலாம். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரின் தொலைபேசி எண்கள் 2002ஆம் ஆண்டில் ஏழு இலக்கத்திலிருந்து எட்டு இலக்கமாக மாற்றப்பட்டன. ஆகவே, ஏழு இலக்க எண்ணைத் தாங்கிய சிங்கப்பூர் உணவகப் பட்டியல் பெரும்பாலும் அதற்கு முன் அச்சிடப்பட்டதாகவே இருக்கும். வெயில் பட்டால் அச்சின் நிறம் மங்கும். இரும்புக் கவ்விகள் துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும். ஒட்டுநாடாவின் பசை நாளடைவில் தாளைக் கெடுத்துவிடும். இவற்றைத் தவிர்த்து, அமிலமற்ற தாள் உறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் பட்டியல் நெடுங்காலம் நிலைக்கும்.

இன்று பல உணவகங்களில் உணவுப் பட்டியல் கைப்பேசித் திரையில் தோன்றுகிறது. விலையை மாற்ற ஒரு நொடி போதும். பழைய விலை சுவடின்றி மறைந்துவிடும். குப்பைத்தொட்டியிலிருந்து மீட்பதற்கும் அங்கே தாள் இருக்காது. இத்தகைய காலத்தில், தேதியைக் குறித்துப் பாதுகாக்கப்படும் ஒவ்வொரு பட்டியலும் மதிப்புமிக்கதாகிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். ஆனால், துரும்பை ஒருவர் எடுத்து வைத்திருந்தால்தான் அது உதவும். ஹவாய்க்குச் சென்ற சுற்றுப்பயணிகள் தங்கள் பட்டியல்களை வீசி எறிந்திருந்தால், அக்கடலின் அரை நூற்றாண்டுக் கதை பெரும்பாலும் சொல்லப்படாமலே போயிருக்கும்.