பதினொன்று பத்துக்கு ஒரு கடிகாரம்

1953-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓயாத வலிப்பை நிறுத்துவதற்காக, மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைப் பெருமளவு வெட்டி எடுத்தார் மருத்துவர் வில்லியம் ஸ்கோவில். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக நடப்பவற்றை மொலைசனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், முதல் முறை பார்ப்பது போலப் பேசுவார்.

அவரைச் சோதித்தவர் உளவியலாளர் பிரெண்டா மில்னர். நுண்ணறிவுச் சோதனையில் மொலைசன் பெற்றது 112. சராசரி 100 என்பதால், இது நல்ல மதிப்பெண். நினைவாற்றல் சோதனையிலோ 67. இந்த இரண்டு எண்களும் 1957-இல் வெளியாயின. கணக்கும் பேச்சும் குறையாத ஒருவருக்கு நினைவு மட்டும் தனியாக உடையலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே 'இவருக்கு மூளை நன்றாக வேலை செய்கிறதா?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பயனில்லை. மூளையின் எந்த வேலை என்று பிரித்துக் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கான அறிதிறன் சோதனைகள் அப்படிப் பிரித்துக் கேட்பதற்காகவே உருவானவை.

சில எண்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அது கவனத்தைச் சோதிக்கிறது. அடுத்து, கடைசியிலிருந்து தொடங்கித் தலைகீழாகச் சொல்லச் சொல்வார்கள். இப்போது எண்களை மனத்தில் வைத்துக்கொண்டே புரட்டிப்போடவும் வேண்டும். முதலாவதைச் சுலபமாகச் செய்பவர்கள்கூட இரண்டாவதில் தடுமாறுவது உண்டு. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனை வேறு வகை. 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் அச்சாகியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்தவருக்குப் படிக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்தால்தான் தெரியும். வாய்க்கு வந்ததை அடக்கும் திறன் அங்கே அளக்கப்படுகிறது.

1948-இல் வந்த விஸ்கான்சின் சீட்டுச் சோதனையில் சீட்டுகளை நிறம், வடிவம், எண்ணிக்கை என ஏதோ ஒரு விதிப்படி பிரிக்க வேண்டும். விதி என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'சரி', 'தவறு' என்ற பதிலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துச் சரியாக அடுக்கிக்கொண்டிருக்கும்போது விதி சத்தமில்லாமல் மாறிவிடும். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவர்களில் பலர், 'தவறு' என்று திரும்பத் திரும்பக் கேட்ட பின்னும் பழைய விதியை விடமாட்டார்கள். 1963-இல் இதை எடுத்துக்காட்டியவரும் அதே மில்னர்தான்.

மருத்துவமனைகளில் இப்போது பரவலாக உள்ள மோக்கா சோதனையை மான்ட்ரியல் நரம்பியல் மருத்துவர் ஜியாத் நஸ்ரதீன் உருவாக்கினார். 2005-இல் வெளியான இதற்கு மொத்தம் 30 மதிப்பெண். முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதில் ஒரு கேள்வி: வட்டமாகக் கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து என்று முள் வையுங்கள். கேட்க எளிது. ஆனால் 'பத்து' என்றதும் பெரிய முள்ளை 10-இலேயே கொண்டுபோய் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது 2-க்கு நேராக இருக்க வேண்டும். எண்களை ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதுபவருக்கு இருப்பதோ வேறு சிக்கல். இருவருக்கும் ஒரே மதிப்பெண் குறையலாம். அனுபவமுள்ள மருத்துவர் மதிப்பெண்ணைவிடத் தவறின் வகையைத்தான் உற்றுப் பார்ப்பார்.

பள்ளிக்கூடமே போகாதவரை எப்படிச் சோதிப்பது? 1975-இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் பால் மக்ஹியூவும் வெளியிட்ட சிறு மனநிலைச் சோதனையில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். 'கண்ணை மூடு' என்று எழுதியிருப்பதைப் படித்துச் செய்ய வேண்டும். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க வயலில் உழைத்து, ஒரு குடும்பத்தையே நிர்வகித்த பாட்டி இதில் தோற்றால், அது அவருடைய மூளையின் குறை அல்ல. அவருக்குக் கிடைக்காத படிப்பின் குறை. இது சிறிய விஷயம் இல்லை. தவறான சோதனை, நல்ல மூளைக்கு நோய் என்று முத்திரை குத்திவிடும்.

அரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக மேரி கங்கூலி குழுவினர் 1995-இல் வெளியிட்ட இந்தி வடிவம் இதற்கு ஒரு வழி கண்டது. படிப்பதற்குப் பதில், சோதிப்பவர் கண்ணை மூடிக் காட்டுவார். முதியவர் அதைப் பார்த்துச் செய்தால் போதும். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், தன் வீட்டைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். எழுத்து போயிற்று, அளக்க வேண்டிய திறன் நிலைத்து நின்றது.

காது மந்தம், பொருந்தாத கண்ணாடி, மனச்சோர்வு, தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு இவையும் மதிப்பெண்ணைக் கீழே இழுக்கும். அவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. அதனால் ஒரு தாளை மட்டும் வைத்து மறதி நோய் என்று முடிவு கட்டக் கூடாது. சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் முதியவர்களிடையே நடந்த, 10/66 என்ற பெயர் கொண்ட மறதி நோய் ஆய்வில், முதியவரைச் சோதித்ததோடு நிற்காமல் வீட்டாரிடமும் தனியாகக் கேட்டார்கள்: பொருளை வைத்த இடம் மறக்கிறாரா? பணத்தை முன்போலக் கையாளுகிறாரா? பழகிய தெருவில் வழி தவறுகிறாரா?